வீட்டுக்குள் தொலைந்த காலடிகள்

2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த ஒரு மாதத்தில் மனிதர்கள் எவ்வளவு குறைவாக நடந்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காலடிகளை எண்ணும் கைப்பேசிச் செயலி ஒன்றை வைத்திருந்த நாலரை லட்சம் பேரின் பதிவுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். செயலி வைத்திருந்தவர்கள் 187 நாடுகளைச் சேர்ந்தவர்கள். அறிவிப்பு வந்த பத்து நாட்களுக்குள் சராசரிக் காலடிகள் 5.5 சதவீதம் குறைந்திருந்தன. முப்பது நாட்களுக்குள் அது 27.3 சதவீதம் ஆனது. ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,400 காலடிகள் காணாமல் போயிருந்தன. கடுமையாக ஊரடங்கு போட்ட இத்தாலியில் சரிவு 48.7 சதவீதம் வரை போனது. கடைகளையும் தெருக்களையும் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்த ஸ்வீடனில் 6.9 சதவீதத்தோடு நின்றது.

காணாமல் போன அந்தக் காலடிகள் எவை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பூங்காவில் கை வீசி நடந்தவை அவற்றில் கொஞ்சம்தான். பேருந்து நிறுத்தத்துக்கு ஓடியது, அலுவலக மாடிப்படி ஏறியது, பதினொரு மணி டீக்கு இறங்கியது, பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியது, மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கியது ஆகியவைதான் மிச்சமெல்லாம். வாழ்நாளில் ஒரு முறைகூட உடற்பயிற்சி என்று நினைத்து எதையும் செய்யாதவர்கள்கூடத் தினமும் ஐயாயிரம், ஆறாயிரம் அடி நடந்துகொண்டிருந்தார்கள். அது நடை என்றே அவர்களுக்குத் தோன்றியதில்லை. மார்ச் 25 தொடங்கி இந்தியாவில் ஊர் அடங்கியபோது ஒரே இரவில் அது நின்றது.

அந்த ஆண்டில் உலகத்தின் மனநிலை எப்படி இருந்தது என்பது பற்றி 'லான்செட்' இதழில் வந்த மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெருந்தொற்றினால் மட்டும் 2020இல் கூடுதலாக 5.3 கோடிப் பேருக்குத் தீவிர மனச்சோர்வும், 7.6 கோடிப் பேருக்குப் பதற்ற நோயும் வந்திருக்கும் என்கிறது அது. இவ்வளவு துயரத்துக்கும் நடக்காததுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. சாவு பயம் இருந்தது, வேலை போனது, கடைசி முகத்தைக்கூடப் பார்க்க முடியாத மரணங்கள் இருந்தன. ஆனால் அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை நம் கையில் இல்லை. கை காலை அசைப்பது மட்டும் நம் கையில் இருந்தது. அது மனத்துக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த மாதங்களை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கடந்திருப்போம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்றும் வீட்டை விட்டு இறங்காமல் வேலை பார்க்கிறவர்களும், நோயாளியைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருப்பவர்களும், தனித்திருக்கும் முதியவர்களும் அதே ஊரடங்கில்தான் இருக்கிறார்கள்.

அடைத்து வைத்தால் மனிதன் அசைவதைத் தானே குறைத்துக்கொள்வான் என்பது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த விஷயம். செவ்வாய்க் கோளுக்குப் போய்த் திரும்பும் பயணத்தை ஒத்திகை பார்க்க மாஸ்கோவில் ஜன்னல் இல்லாத ஒரு கூடம் கட்டினார்கள். 2010 ஜூன் மாதம் ஆறு ஆண்கள் அதற்குள் போனார்கள். 2011 நவம்பரில், 520 நாள் கழித்து வெளியே வந்தார்கள். அவர்கள் மணிக்கட்டில் அசைவைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்தது. உள்ளே உடற்பயிற்சிக்கு வசதி இருந்தது. எல்லாரும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்டவர்கள். அப்படியிருந்தும் மாதங்கள் போகப் போக விழித்திருக்கும் நேரத்தில்கூட அவர்கள் அசைவது குறைந்துகொண்டே வந்தது, படுக்கையிலும் ஓய்விலும் கழித்த நேரம் கூடியது. சிலருக்குத் தூக்கம் குலைந்தது. 2020 ஏப்ரலில் வீட்டுக்குள் மந்தமாகிப்போன நம்மில் பலர் சோம்பேறியாகிவிட்டோம் என்று நம்மையே திட்டிக்கொண்டோம். விண்வெளிப் பயணத்துக்குத் தயாரானவர்களுக்கே நேர்ந்தது அது.

குறைந்த அசைவு உடம்பை எவ்வளவு சீக்கிரம் தொடுகிறது என்பதை டென்மார்க்கின் கோபன்ஹேகனில் அளந்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரிடம், படிக்கட்டுக்குப் பதில் லிஃப்ட், சைக்கிளுக்குப் பதில் கார் என்று இரண்டு வாரம் இருக்கச் சொன்னார்கள். தினமும் 10,500 அடி நடந்தவர்கள் 1,300 சொச்சத்துக்கு இறங்கினார்கள். பதினான்கே நாளில் அவர்களின் மூச்சுத் திறன் 7 சதவீதம் குறைந்தது. கால் தசையின் எடை 2.8 சதவீதம் கரைந்தது. சர்க்கரையைக் கையாளும் திறனும் மங்கியது. நம் நாட்டின் முதல் ஊரடங்கே 21 நாள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

மனத்தின் கதையும் இதே வேகத்தில்தான் நடக்கிறது. 1970இல் ஃப்ரெடெரிக் பேக்லண்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் என்னாகிறது என்று பார்க்க விரும்பினார். ஒரு மாதம் பயிற்சியை விடத் தயாரா, பணம் தருகிறோம் என்று கேட்டார். அநேகமாகத் தினமும் பயிற்சி செய்கிறவர்கள் எவ்வளவு பணம் தந்தாலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று, நான்கு நாள் மட்டும் செய்கிறவர்களை வைத்துத்தான் அவரால் ஆய்வை நடத்த முடிந்தது. அவர்களுக்கே அந்த மாதத்தில் தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. 2006இல் வந்த இன்னொரு ஆய்வில், வழக்கமாகப் பயிற்சி செய்கிறவர்களை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தபோது முதலில் வந்தது உடல் அசதி. மனம் சோர்ந்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை முக்கியம் என்று எனக்குப் படுகிறது. என்னமோ அசதியாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கும் இடத்திலேயே ஒருவரைப் பிடித்துவிட்டால், அடுத்த படிக்கு அவர் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது.

அசைவுக்கும் மனநிலைக்கும் நடுவே என்ன இருக்கிறது? பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வரும் பதில் எண்டார்ஃபின். உடலே சுரக்கும் வலிநிவாரணி அது. ஓடினால் ஊறும், மகிழ்ச்சி வரும் என்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் போக முடியாது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இதை நேராகச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். எண்டார்ஃபின் வேலை செய்யும் வாசல்களை அடைத்துவிடும் மருந்தைச் சிலருக்குக் கொடுத்துவிட்டு 45 நிமிடம் ஓடவிட்டார்கள். வாசல் அடைபட்ட பிறகும் அவர்களுக்கு உற்சாகம் வந்தது, பதற்றமும் குறைந்தது. அவர்கள் ரத்தத்தில் கூடியிருந்தது எண்டோகனாபினாய்டு என்ற வேறு வகைப் பொருள். கஞ்சாச் செடியின் போதைப்பொருள் மூளையில் எந்த வாசலைத் தட்டுகிறதோ அதே வாசலுக்காக நம் உடம்பே செய்துகொள்ளும் பொருள் அது. கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் மூளைக்குள் அதற்குத் தடை இல்லை.

ஒரு தடவை நடந்து முடித்ததும் வரும் தெளிவை இது விளக்குகிறது. மாதக்கணக்கில் மனம் தாக்குப்பிடிப்பதை விளக்க இது போதாது. அதற்கு நாம் தலையை விட்டுத் தொடைக்கு இறங்கி வர வேண்டும்.

தசை என்றால் எலும்பை இழுக்கும் சதை என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும் இந்தச் சதை ஒரு பெரிய வேதிக்கூடம் என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தெளிவானது. வேலை செய்யும் தசை ரத்தத்துக்குள் பலவகைப் புரதங்களை விடுகிறது என்று கோபன்ஹேகனின் பென்டே கிளார்லண்ட் பெடர்சன் காட்டினார். அதைவிட வியப்பான ஒன்றை 2014இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜோர்ஜ் ரூவாஸின் குழு கண்டது.

அதைப் புரிந்துகொள்ளப் பருப்பிலிருந்து தொடங்கலாம். பருப்பு, பால், முட்டை எல்லாவற்றிலும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மூளை செரட்டோனின் செய்வது இதைக் கொண்டுதான். ஆனால் உண்ணும் டிரிப்டோபேனில் மிகச் சிறு பங்குதான் அந்த வழியில் போகிறது. பெரும்பகுதி கைனுரெனின் என்ற பொருளாக மாறிவிடுகிறது. மன அழுத்தமும் அழற்சியும் நீடித்தால் இந்த மாற்றம் இன்னும் வேகம் பிடிக்கும். கைனுரெனின் மூளைக்குள் போனால் அங்கே நரம்பணுக்களைத் தொந்தரவு செய்யும் பொருட்களாக உருமாறக்கூடும். மனச்சோர்வுக்கு அதுவும் ஒரு வழி என்று கருதப்படுகிறது.

ரூவாஸின் குழு, நன்றாகப் பயிற்சி பெற்ற தசை போன்ற தசை அமையும்படி எலிகளின் மரபணுவை மாற்றியது. பிறகு அவற்றையும் சாதாரண எலிகளையும் ஐந்து வாரம் மன அழுத்தத்தில் வைத்தார்கள். திடீர்ச் சத்தம், திடீர் வெளிச்சம், இரவு பகல் மாறுவது என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. சாதாரண எலிகள் ஒடுங்கிப்போயின. தசை மாற்றப்பட்டவை ஒடுங்கவில்லை. பயிற்சி பெற்ற தசை ஏதோ நல்ல பொருளைச் சுரந்து மூளைக்கு அனுப்பும் என்றுதான் ஆய்வாளர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். கண்டது வேறு. அந்தத் தசையில் ஒரு நொதி நிறைய இருந்தது. ரத்தத்தில் வரும் கைனுரெனினைப் பிடித்துக் கைனுரெனிக் அமிலமாக அது மாற்றிவிடுகிறது. 2020 கோடையில் மாவட்ட எல்லைகளில் இ-பாஸ் இல்லாத வண்டிகளைத் திருப்பி அனுப்பியது நினைவிருக்கும். மூளையைச் சுற்றியும் அப்படியொரு எல்லைக் காவல் உண்டு. கைனுரெனினிடம் பாஸ் இருக்கிறது, கைனுரெனிக் அமிலத்திடம் இல்லை. மூளைக்குள் போய்க் கெடுக்கவிருந்த பொருளின் பாஸை வழியிலேயே தொடைத் தசை வாங்கி வைத்துக்கொள்கிறது!

மூன்று வாரம் பயிற்சி செய்த மனிதர்களின் தசையிலும் இந்த நொதி கூடியிருப்பதை அதே குழு பார்த்தது. எலியின் ஒடுக்கமும் மனிதரின் மனச்சோர்வும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. மனிதரின் சோர்வில் நினைவுகளும் உறவுகளும் கடனும் கலந்திருக்கின்றன. ஆனாலும் உட்கார்ந்து எழும்போது இறுகித் தளரும் அந்தச் சதை, மூளைக்கு எது போகலாம் எது போகக் கூடாது என்பதில் கை வைக்கிறது என்ற செய்தி என்னை விட்டு அகல மறுக்கிறது. மனம் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்று இனி எப்படி நினைப்பது?

மூளையின் உள்ளேயும் மாற்றம் தெரிகிறது. நினைவுக்கும் மன அழுத்தத்தை அடக்குவதற்கும் வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வயது ஏற ஏறச் சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடக்கவும் மறு பாதியை உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்யவும் வைத்தார்கள். ஓராண்டு முடிவில் நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. 2011இல் வந்த முடிவு இது.

பதற்றம் உள்ளவர்களுக்கு உடல் அசைவால் இன்னொரு வழியிலும் பயன் உண்டு. இதை மருத்துவர்கள் நோயாளிகளிடம் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும். பதற்றக்காரருக்கு நெஞ்சு படபடத்தாலே பயம். படபடப்பு வந்தால் ஏதோ ஆகப்போகிறது என்று மூளை எண்ணுகிறது, அந்த எண்ணம் படபடப்பை இன்னும் கூட்டுகிறது. கொரோனாக் காலத்தில் லேசாக மூச்சு வாங்கினாலே ஆக்சிஜன் அளவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர். மாடிப்படியைத் தானே விரும்பி நாலு முறை ஏறி இறங்கும்போது அதே படபடப்பு வருகிறது, அதே மூச்சு வாங்குகிறது, ஐந்து நிமிடத்தில் தானே அடங்குகிறது. வேகமான இதயத் துடிப்பு ஆபத்து இல்லை என்பதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். உடம்பு அதைச் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். (இதய நோய் இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும்.)

மருந்துக்கு நிகராக உடற்பயிற்சி நிற்குமா? டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புளூமென்தால் 1999இல் ஒரு சோதனையை வெளியிட்டார். தீவிர மனச்சோர்வு இருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்குப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும் தந்தார். பதினாறு வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை முன்னதாக வேலை செய்யத் தொடங்கியது, பயிற்சி மெதுவாக வந்து சேர்ந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆய்வில் பயிற்சி என்பது மேற்பார்வையாளர் இருக்க, ஒரு குழுவாக, வாரம் மூன்று முறை நடந்தது.

நார்வேயில் 33,908 பேரைப் பதினொரு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு இன்னொரு கோணத்தைத் தருகிறது. எல்லாரும் வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரமாவது உடலை அசைத்திருந்தால் புதிதாக வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று அது கணக்கிட்டது. நாளைக்கு ஒன்பது நிமிடம்கூட வரவில்லை. வியர்க்க விறுவிறுக்கச் செய்ய வேண்டிய கட்டாயமும் அதில் தெரியவில்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் தீர்வு எளிது போலத் தெரியும்: தொலைந்த காலடிகளைத் திரும்பக் கொடுத்துவிட்டால் மனமும் திரும்பிவிடும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் சோதித்தார்கள். பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே அங்கே மாணவர்களின் கையில் காலடிக் கருவி இருந்ததால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிந்தது. 2020 வசந்தத்தில் நாளைக்கு 10,000 அடி 4,600 ஆகிவிட்டது. பிறரோடு பழகும் நேரம் அரை மணிக்கும் கீழே போனது. திரை நேரம் இரு மடங்குக்கும் மேல் ஆகி ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. மனச்சோர்வு அபாயத்தில் இருந்தவர்கள் 32 சதவீதத்திலிருந்து 61 சதவீதம் ஆனார்கள். யாருடைய அசைவு அதிகம் அறுந்ததோ அவர்களே அதிகம் சோர்ந்தார்கள். பிறகு மாணவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, நடந்தால் பணம் என்று இரண்டு வாரம் ஊக்கினார்கள். காலடிகள் கூடின. மனநிலை கூடவில்லை.

இந்த முடிவை ஒதுக்கிவிட்டு எழுதும் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கோ மொத்த விஷயத்திலும் மிகவும் பயனுள்ள முடிவு இதுவாகத்தான் தெரிகிறது. இரண்டு வாரம் போதாமல் இருந்திருக்கலாம். புளூமென்தாலின் நோயாளிகளுக்குப் பதினாறு வாரம் ஆயிற்று. ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் நடையில் காலடி மட்டுமா இருந்தது? வானத்து வெளிச்சம் இருந்தது, எட்டரை மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற நேரம் இருந்தது, வழியில் கூப்பிடும் நண்பன் இருந்தான், போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. எண்ணிக்கையை மட்டும் திரும்பக் கொடுத்தால் மற்றதெல்லாம் வந்துவிடாது.

இந்த எண்ணத்துக்கு வேறு இடங்களிலிருந்தும் ஆதரவு கிடைக்கிறது. அமெரிக்காவில் 12 லட்சம் பேரின் தகவலை வைத்து 2018இல் வந்த ஆய்வில், உடலை அசைக்கிறவர்களுக்கு மனம் சரியில்லாத நாட்கள் மாதத்துக்கு 43 சதவீதம் குறைவாக இருந்தன. எந்த அசைவுக்கும் கொஞ்சம் பலன் உண்டு. அதிலும் ஆட்களோடு சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கும் சைக்கிளுக்கும் அதிகம், வீட்டு வேலைக்குக் குறைவு. நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தால் பலன் போய்விடுவதும் தெரிந்தது. முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு குழுவும் 2017இல் இதையே சொன்னது: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு மனத்துக்கு உதவுகிறது, பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பு அப்படி உதவுவதில்லை.

ஊரடங்கில் நம் வீட்டுப் பெண்களின் நிலை இங்கே கண் முன் வருகிறது. எல்லாரும் வீட்டில் இருந்ததால் அவர்களுக்குச் சமையலும் பாத்திரமும் துணியும் இரட்டிப்பானது. நாள் முழுக்க நின்றார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். நீதான் நாள் முழுக்க வேலை செய்கிறாயே, உனக்கெதற்குத் தனியாக நடை என்று அவர்களிடம் சொன்ன குடும்பங்கள் உண்டு. உடம்பின் கணக்கில் அது ஒருவேளை சரியாக வரலாம். மனத்தின் கணக்கில் வராது. அவர்களுக்கென்று ஒதுக்கிய அரை மணி, யாரும் கூப்பிடாத அரை மணி, மற்ற எவரையும்விட அவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. அந்த மாதங்களில் மிக அதிகமாக நடந்தவர்கள் இன்னொரு கூட்டம்: டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தங்கள் ஊர்களுக்கு நடந்த தொழிலாளர்கள். நடை மனத்துக்கு நல்லது என்ற வாக்கியத்தை அவர்கள் முன்னால் சொல்ல முடியாது. தானே விரும்பி, திரும்பி வர ஒரு வீடும் சோறும் இருக்கும்போது நடக்கும் நடையைப் பற்றித்தான் இந்த அறிவியல் பேசுகிறது.

நடையோடு சேர்ந்து தொலைந்தவற்றில் வெளிச்சத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு வருவது சில நூறு லக்ஸ். காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில் நின்றால் பல ஆயிரம் லக்ஸ். நமக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை, கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் விழித்திரையில் உருவங்களைப் பார்ப்பதற்கு அல்லாமல் வெளிச்சத்தின் அளவை அறிவதற்கென்றே சில அணுக்கள் இருக்கின்றன. மூளையின் கடிகாரத்துக்கு விடிந்துவிட்டது என்று சொல்வது அவைதான். காலை வெளிச்சம் கிடைக்காத கடிகாரம் பின்தங்குகிறது, தூக்கம் நள்ளிரவைத் தாண்டுகிறது, எழுந்திருப்பது தள்ளிப்போகிறது, அசதி சேர்கிறது. ஊரடங்கில் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்த இளைஞர்களுக்கு அலைபேசி மட்டுமே காரணம் என்று நினைத்தோம். அவர்கள் காலை வெயிலைப் பார்க்காததும் காரணம்.

நாடுகள் இதை வேறு வேறு விதமாகக் கையாண்டன. பிரிட்டனில் மார்ச் 23 அன்று எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்னபோதே, நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சிக்கு வெளியே வரலாம் என்பது அனுமதிக்கப்பட்ட சில காரணங்களில் ஒன்றாக இருந்தது. ஸ்பெயினில் அது இல்லை. அங்கே குழந்தைகள் ஏப்ரல் 26 வரை தெருவையே பார்க்கவில்லை. பெரியவர்களை மே 2 அன்றுதான் நடக்கவிட்டார்கள், காலை 6 முதல் 10 வரையும் இரவு 8 முதல் 11 வரையும். இந்தியாவின் முதல் ஊரடங்கில் விலக்குப் பட்டியலில் மளிகை இருந்தது, மருந்து இருந்தது, நடை இல்லை. சென்னையில் மெரினா கடற்கரை மக்களுக்குத் திறந்தது டிசம்பர் நடுவில். நெருக்கமான நகரங்களில் நோய் பரவும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு, தெரு தெருவாக முறை வைத்து ஒரு மணி நேரத் திறந்தவெளியைத் தந்திருக்க முடியும். இன்னொரு பெருந்தொற்று வந்தால் அதை அரிசி பருப்போடு சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்? நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் கைகளை நீட்டினால் சுவர் தட்டும் அளவுள்ள அறையில் இருந்தார். நின்ற இடத்திலேயே 45 நிமிடம் வரை ஓடுவது, விரல் நுனியில் நூறு தண்டால், ஐம்பது பஸ்கி என்று வாரம் நான்கு நாள் காலையில் செய்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவ்வளவு நமக்கு வேண்டியதில்லை. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கிழமையும் நேரமும் மாறாமல் அதைச் செய்தார் என்பது. பிட்ஸ்பர்க் மாணவர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தில் இல்லாதது அதுவும்தான்.

நம் பக்கத்தில் மொட்டை மாடி ஒரு கொடை. தரையில் சாக்பீஸால் பெரிய எட்டு வரைந்து அதன் மேல் நடக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் ஊரடங்குக்கு முன்பே இருந்தது. அதைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்லும் பேச்சை நான் நம்பவில்லை. ஆனால் சின்ன இடத்தில் நிற்காமல் நடக்கவும், ஒரே பக்கமாகச் சுற்றித் தலை கிறுகிறுக்காமல் இருக்கவும் எட்டு ஒரு நல்ல யோசனை. காலை வெயில் ஏறுவதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில், பக்கத்து மாடிக்காரரோடு குரல் கொடுத்துப் பேசிக்கொண்டே நடந்தால் வெளிச்சம், நேரம், மனிதர் மூன்றும் அதோடு வந்துவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அந்த அளவு போதும். மாடி இல்லாதவர்களுக்கு நடைவழி இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, சூரிய நமஸ்காரத்துக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். முதியவர்கள் சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காரலாம். கைனுரெனினைப் பிடிக்கும் தொடைத் தசைக்கு அதுவே வேலைதான்.

உண்மையாகவே மனச்சோர்வில் விழுந்துவிட்டவரிடம் இதையெல்லாம் சொல்லும்போது கவனம் வேண்டும். அவருக்குத் தெரியாததா இது? எழ வேண்டும் என்று தெரிந்தும் எழ முடியாமல் இருப்பதுதான் அந்த நோய். கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரை அவரை இன்னும் குற்றவாளியாக்கும். மனநல சிகிச்சையில் பல பத்தாண்டுகளாக இருக்கும் ஒரு முறை, மனம் வரட்டும் பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம் என்கிறது. மிகச் சிறிய செயல் ஒன்றை, குறித்த நேரத்தில், மனம் இல்லாமலே செய்யலாம். மனம் பின்னால் வரும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அறிவுரை சொல்வதற்குப் பதிலாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வா என்று கூட நடப்பதற்கு. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகப் போயிருந்தால், சாவைப் பற்றி எண்ணம் வந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இப்போது கட்டணமில்லாமல் கிடைக்கிறது.

2020 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் உடல் அசைவு பற்றிய தன் வழிகாட்டியைப் புதுப்பித்தது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு என்றது. சேர்ந்தாற்போல் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்த பழைய நிபந்தனை அதில் இல்லை. பேரக்குழந்தையோடு நடைவழியில் பாண்டி ஆடும் ஐந்து நிமிடம் இப்போது கணக்கில் சேரும். தொலைபேசியில் அக்காவிடம் பேசிக்கொண்டே கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடக்கும் மூன்று நிமிடமும் சேரும்.